பொன்னும் திராவகமும்

யாழ்ப்பாணத்துப் பத்தர் பட்டறைகளிலே அடிக்கடி காணக்கூடிய காட்சியொன்றுண்டு. தாயொருத்தி தன் கையிலிருந்து கழற்றிய காப்பொன்றைப் பத்தரின் முன் வைக்கின்றாள். மகனுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கின்றது. விடுதிக்கும் புத்தகத்திற்கும் பணம் வேண்டும். பத்தர் கரிய உரைகல்லை எடுத்துக் காப்பின் விளிம்பை அதன்மீது உரைக்கின்றார். மெல்லிய மஞ்சட் கோடொன்று விழுகின்றது. அதனருகே, மாற்றுத் தெரிந்த ஊசியொன்றால் இன்னொரு கோட்டினை இழுக்கின்றார். பின்னர் சிறு போத்தலிலிருந்து கண்ணாடிக் கோலாலே திராவகத்தைத் தொட்டு இரு கோடுகளின் மேலும் தடவுகின்றார்.

"எப்படியிருக்குது?" என்று தாய் கேட்கின்றாள்.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா, வடிவாப் பார்த்துச் சொல்லுறன்."

அந்தச் சில கணங்களில் அவளுடைய கண்கள் கல்லைவிட்டு அகல்வதில்லை. கோடு செம்பாயிருந்தாற் பச்சை நுரை கக்கி மறைந்துவிடும், வெள்ளியாயிருந்தாலும் நில்லாது. பொன் நிற்கும். ஒரு துளி நைத்திரிக்கமிலத்தின் முன் அக்கோடு நிற்கின்றதா மறைகின்றதா என்பதில் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் செலவு தங்கியிருக்கின்றது.

அருகே நிற்கும் மகன் உயர்தர வகுப்பிலே இரசாயனவியல் கற்றவன். பொன் ஏன் கரையவில்லை என்று அவனைக் கேட்டால், அது சடத்துவமான உலோகம் என்று தயங்காது விடையிறுப்பான். பரீட்சைத் தாளில் இவ்விடைக்குப் புள்ளியும் கிடைக்கக்கூடும். ஆயின் இது விடையன்று. தூக்க மருந்து ஏன் தூக்கந் தருகின்றது என்று கேட்டவனுக்கு, அதிலே தூங்கவைக்கும் ஆற்றல் இருக்கின்றது என்று சொல்லுவதைப் போன்றதே இது. கேள்வியையே வேறொரு பெயரால் அழைத்துத் திருப்பிக் கொடுப்பது. மாணவரிடையே மட்டுமன்றிக் கற்பிப்போரிடையேயும் இப்பழக்கம் ஆழ வேரூன்றியிருக்கின்றது.

இக்குழப்பத்தின் வேர் 'வன்னமிலம்' என்னுஞ் சொல்லிலேயே கிடக்கின்றது. வன்மை என்றதும் எதனையும் அரித்துத் தின்னும் வன்மை என்று மனம் எண்ணிக்கொள்கின்றது. இரசாயனவியலில் அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை. ஓரமிலம் நீரிலே தன் புரோத்தனை எவ்வளவு முற்றாகக் கைவிடுகின்றது என்பதே அதன் வன்மையின் அளவு. ஐதரோக்குளோரிக்கமிலம் ஏறக்குறைய முழுவதுமாய்ப் பிரிகை அடைகின்றது. ஆகவே அது வன்னமிலம். ஐதரோபுளோரிக்கமிலமோ மென்னமிலங்களின் வரிசையிலே வைக்கப்படுவது. ஆனால் கண்ணாடியைக் கரைப்பது அம்மென்னமிலமே. வன்னமிலத்தைக் கண்ணாடிப் போத்தலிலே ஆண்டுக்கணக்கில் அச்சமின்றி வைத்திருக்கலாம். வன்மையும் அரிப்பும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உலோகமொன்று அமிலத்திலே கரைவதென்பது இலத்திரன்களின் கொடுக்கல் வாங்கலாகும். உலோக அணு இலத்திரன்களை இழந்து நேரேற்றமுள்ள அயனாகி நீருள் இறங்கவேண்டும். அது இழந்த இலத்திரன்களை யாராவது வாங்கிக்கொள்ளவும் வேண்டும். நாகத்தை ஐதரோக்குளோரிக்கமிலத்துள் இட்டால் ஐதரசன் அயன்கள் அவ்விலத்திரன்களை வாங்கி வாயுவாய் வெளியேறுகின்றன. எந்த உலோகம் எவ்வளவு எளிதாய் இலத்திரனைக் கொடுக்கும் என்பதனை நியம மின்வாயழுத்த அட்டவணை காட்டுகின்றது. ஐதரசனைப் பூச்சியமாகக் கொண்டால், நாகம் −0.76 உவோற்று, செம்பு +0.34, வெள்ளி +0.80, பொன் +1.50. பூச்சியத்திற்கு மேலேயுள்ள உலோகங்களிடமிருந்து ஐதரசன் அயனால் இலத்திரனைப் பறிக்க இயலாது. அவ்வமிலத்தின் செறிவைக் கூட்டினாலும் பொன்னைப் பொறுத்தவரை நிலைமை மாறுவதில்லை.

நைத்திரிக்கமிலம் செம்பையும் வெள்ளியையும் கரைப்பது அதன் புரோத்தன்களாலன்று. அங்கே இலத்திரனை வாங்குவது நைத்திரேற்று அயன். அது நைத்திரிக்கொட்சைட்டாகத் தாழ்த்தப்படுகையில் உள்ள அழுத்தம் +0.96 உவோற்று. செம்பின் 0.34ஐயும் வெள்ளியின் 0.80ஐயும் வெல்ல அது போதும், பொன்னின் 1.50இன் முன்னே போதாது. உரைகல்லின் மீது அந்த மஞ்சட் கோடு நிற்பதன் முதற் காரணம் இவ்வளவே.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். அமிலத்துக்கு அசையாத உலோகங்கள் யாவும் பொன்னைப் போன்றவையல்ல. அலுமினியமும் செறிந்த நைத்திரிக்கமிலத்திலே கரைவதில்லை. அவ்வமிலத்தை அலுமினியப் பாத்திரங்களிலே ஏற்றிச்செல்வதுமுண்டு. ஆயின் அலுமினியம் இலத்திரனைக் கொடுக்கத் துடிக்கும் உலோகம். அதன் மேற்பரப்பிலே கணத்திற் படரும் ஒட்சைட்டுப் படலம் ஒரு கவசம் போலக் காத்துநிற்கின்றது. கவசத்தைக் கழற்றினால் உள்ளேயிருப்பவன் கோழை. பொன்னுக்குக் கவசம் இல்லை. அது வெற்றுடம்போடு நிற்கின்றது.

இனி, இராச திராவகம் என்று பழைய நூலோர் வழங்கிய கலவைக்கு வருவோமாயின், புதிர் மேலுஞ் சுவைபெறுகின்றது. நைத்திரிக்கமிலத்திலே நவச்சாரத்தைக் கரைத்துப் பொன்னைக் கரைக்கும் நீரைப் பெறும் முறை, 1300ஆம் ஆண்டளவிலே 'கேபர்' என்னும் பெயரால் ஐரோப்பாவில் உலவிய இரசவாத நூல்களிற் காணப்படுகின்றது. உலோகங்களின் அரசனைக் கரைப்பதனால் அரச நீர் எனப் பெயர் பெற்றது. இன்று செறிந்த ஐதரோக்குளோரிக்கமிலம் மூன்று பங்கும் செறிந்த நைத்திரிக்கமிலம் ஒரு பங்குமாகக் கலந்து அதனைச் செய்கின்றனர். தனித்தனியே பொன்னைத் தொட இயலாத இரண்டு அமிலங்கள் கூடியவிடத்துத் தொடுகின்றன. இரண்டு வன்மைகள் கூடி ஒரு பெருவன்மை ஆயின என்று விளக்குவோர் பலர். அதுவும் பிழையே.

நடப்பது வேலைப் பகிர்வு. நைத்திரிக்கமிலம் பொன்னிலிருந்து இலத்திரனை இழுக்க முனைகின்றது. எண்ணிலடங்காத அளவு சிறிய தொகையிற் பொன் அயன்கள் தோன்றுகின்றன. தோன்றிய உடனேயே இலத்திரனைத் திரும்பப் பெற்றுப் பொன்னாகிவிடுகின்றன. இழுப்பவன் இருக்கின்றான், பிடித்துவைப்பவன் இல்லை. ஐதரோக்குளோரிக்கமிலத்திலோ பிடித்துவைக்கக் குளோரைட்டு அயன்கள் நிறைய உண்டு, இழுப்பவன் இல்லை. இரண்டுங் கலந்தவிடத்து, தலைநீட்டும் ஒவ்வொரு பொன் அயனையும் நான்கு குளோரைட்டு அயன்கள் சூழ்ந்து சிக்கலயனாக்கி அப்பாற் கொண்டுசெல்கின்றன. அச்சிக்கலயனின் உறுதி மாறிலி ஏறத்தாழ பத்தின் 25ஆம் அடுக்கு. சுயாதீன அயன் இவ்வாறு அருகிவிடவே, பொன்னின் அழுத்தம் 1.50இலிருந்து 1.00 உவோற்றுக்கு இறங்குகின்றது.

விழிப்பான மாணவன் இவ்விடத்திலே எழுந்து நிற்பான், நிற்கவும் வேண்டும். நைத்திரேற்றின் அழுத்தம் 0.96 அன்றோ? 1.00ஐ அது எங்ஙனம் வெல்லும்? பல பாடநூல்கள் இவ்வினாவை மௌனமாய்க் கடந்துவிடுகின்றன. விடை கடினமன்று. அட்டவணையின் எண்கள் இலீற்றருக்கு ஒரு மூல் என்னும் நியம நிலைக்கு உரியவை. இராச திராவகத்திலே அமிலமும் குளோரைட்டும் ஏறக்குறையப் பத்து மூல் என்னும் அளவிலே நிற்கின்றன. நைத்திரேற்றின் தாழ்த்தலிலே ஐதரசன் அயன் நான்காம் அடுக்கிலே வருகின்றது. பொன்னின் சிக்கலயனிலே குளோரைட்டும் நான்காம் அடுக்கு. நேண்ஸ்ற்றின் சமன்பாட்டிலே இட்டுக் கணித்தால் முதலாவது ஏறத்தாழ 0.08 உவோற்று உயர்கின்றது. இரண்டாவது அவ்வளவே தாழ்கின்றது. 0.04 குறைந்திருந்தது 0.12 மிகுந்துவிடுகின்றது. இவ்வளவு செறிந்த கரைசலுக்கு இக்கணக்கு ஒரு மதிப்பீடேயெனினும், தராசு எப்பக்கஞ் சாய்கின்றது என்பதை அது காட்டிவிடுகின்றது. மேலும், கலவையிலே குளோரீனும் நைத்திரோசைல் குளோரைட்டும் பிறந்து இழுப்பதற்கு உதவுகின்றன; நைத்திரிக்கொட்சைட்டு வாயுவாய் வெளியேறுவதால் பின்னோக்கிய தாக்கத்துக்கும் இடமில்லாது போகின்றது.

பத்தர்மார் இதனைச் சமன்பாடின்றியே அறிந்திருந்தனர். வெறும் நைத்திரிக்கமிலம் தாழ்ந்த மாற்றுப் பொன்னை மட்டுமே காட்டிக்கொடுக்கும். 18 கரற்றையும் 22 கரற்றையும் அதனாற் பிரித்தறிதல் அரிது. ஆதலின் உயர்ந்த மாற்றைச் சோதிக்குந் திராவகத்திலே குளோரைட்டுச் சிறிதளவு சேர்க்கப்படுகின்றது. அச்சிறிதளவு, பொன்னின் கோட்டையே மெல்ல அரிக்கத் தொடங்குகின்றது; எக்கோடு முந்தி மங்குகின்றது என்பதைக் கொண்டு மாற்று மதிக்கப்படுகின்றது.

பிடித்துவைப்பவனின் பங்கு எத்துணைப் பெரிது என்பதற்கு அமிலமேயில்லாத ஓர் உதாரணம் உண்டு. 1887ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மக்காதரும் பொறெஸ்ற் சகோதரர்களும் உரிமம் பெற்ற முறையிலே, காரத்தன்மை கொண்ட ஐதான சயனைட்டுக் கரைசலில் பொன் கரைகின்றது. இலத்திரனை வாங்குவது காற்றிலுள்ள ஒட்சிசன். சயனைட்டு பொன் அயனைக் குளோரைட்டினும் பன்மடங்கு இறுகப் பற்றுவதால் அழுத்தம் பூச்சியத்துக்குங் கீழே இறங்கிவிடுகின்றது. தென்னாபிரிக்கச் சுரங்கங்களின் செல்வம் இம்முறையினாலேயே பெருகியது. 2000ஆம் ஆண்டு சனவரியிலே உருமேனியாவின் பாயா மாரே என்னுமிடத்தில் தேக்கமொன்று உடைந்து ஆற்றிலே கலந்து மீன்களைக் கொன்றொழித்ததும் இத்தகைய சயனைட்டு நீரே. எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் கூறலாம்: எத்தனி அமிலமும் பொன்னைக் கரைக்காது என்று நூல்கள் அறுதியிட்டு எழுதுவது சரியன்று, சூடான செறிந்த செலனிக்கமிலம் துணையின்றியே கரைக்கும்.

வெள்ளியின் கதை விசித்திரமானது. நைத்திரிக்கமிலத்திலே எளிதிற் கரையும் அவ்வுலோகம், இராச திராவகத்திலே தன்மீது கரையாத வெள்ளிக் குளோரைட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டு தப்பிவிடுகின்றது. பொன்னோடு கலந்த வெள்ளியைப் பிரிக்க விரும்புவோர் நைத்திரிக்கமிலத்தையே நாடுவர்; அங்கும் ஒரு நிபந்தனை. கலவையிற் பொன் காற்பங்கினும் மிகுந்திருந்தால் பொன்னணுக்கள் வெள்ளியணுக்களை மறைத்து நின்று அமிலத்தைத் தடுக்கும். ஆகையால் வேண்டுமென்றே வெள்ளியைச் சேர்த்துருக்கிப் பொன்னைக் காற்பங்காகக் குறைத்த பின்பே அமிலத்திலிடுவர். தூய்மையாக்குவதற்கு முன் மேலும் மாசாக்கவேண்டியிருக்கின்றது.

பிளாற்றினம் சூடான இராச திராவகத்திலே மெல்ல மெல்லக் கரையும். அவ்வாறு கரைத்தபின் பாத்திரத்தின் அடியில் எஞ்சிய கறுப்புத் துகளைப் பலர் கரியென்று வீசிவிட்டனர். 1803ஆம் ஆண்டளவிலே சிமித்சன் தெனன்ற் அதனை வீசாது ஆராய்ந்தார். இரிடியம், ஒசுமியம் என்னும் இரண்டு மூலகங்கள் வெளிவந்தன. அவருடைய கூட்டாளியான வொலஸ்தன் கரைந்த பகுதியை ஆராய்ந்து பலேடியத்தையும் உரோடியத்தையும் கண்டார். இரிடியமும் உரோடியமும் திணிந்த நிலையில் இராச திராவகத்துக்கும் அசைவதில்லை. 1889 முதல் 2019 வரை உலகின் கிலோகிராமுக்கு அளவுகோலாயிருந்த உருளை, பத்தில் ஒரு பங்கு இரிடியம் சேர்ந்த பிளாற்றினத்தாலானது.

ஆயினும் பொன் இலத்திரனை ஏன் இத்துணை இறுகப் பற்றவேண்டும்? 1.50 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஆவர்த்தன அட்டவணையிலே பொன் வெள்ளிக்கு நேர் கீழே நிற்கின்றது. வெளி ஓட்டிலே இரண்டுக்கும் ஓரிலத்திரனே. கீழே செல்லச் செல்ல அணு பருத்து, வெளி இலத்திரன் தளர்தல் வேண்டும் என்பது பொது விதி. ஆனால் முதல் இலத்திரனை அகற்ற வெள்ளிக்கு மூலொன்றுக்கு 731 கிலோ யூல் போதும். பொன்னுக்கு 890 வேண்டும். விதி மீறப்பட்ட காரணத்தை ஐன்ஸ்ரைன் 1905இல் வெளியிட்ட சார்புக் கொள்கையிலே தேடவேண்டியிருக்கின்றது. பொன்னின் கருவில் 79 புரோத்தன்கள். அக்கருவுக்கு மிக அண்மையிலுள்ள இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 58 சதவீதம் என மதிக்கலாம். அவ்வேகத்தில் அவற்றின் திணிவு ஐந்திலொரு பங்குக்கு மேல் மிகுந்து, ஒழுக்கு சுருங்குகின்றது. இச்சுருக்கம் உள்ளோட்டோடு நில்லாமல் வெளியே ஆறாவது ஓட்டின் இலத்திரனையும் உள்ளிழுத்து இறுகப் பிணிக்கின்றது. பொன்னின் மஞ்சள் நிறத்துக்கும் இதுவே காரணம். இவ்விளைவு இல்லையேல் பொன் வெள்ளியைப் போல் வெளிறியிருக்கும். தாயின் கையிலிருந்த காப்பின் நிறமும் நிலைப்பும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன.

சார்புக் கொள்கையைப் பற்றி முதன்முதல் தனி நூலொன்றை 1911இலே எழுதியவர் யேர்மானியப் பௌதிகர் மக்ஸ் வொன் லாவு. பளிங்குகளில் எக்சுக்கதிர் கோணலடைவதைக் கண்டமைக்காக 1914ஆம் ஆண்டின் நொபெல் பரிசைப் பெற்றவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஐன்ஸ்ரைனின் கொள்கையை 'யூதப் பௌதிகம்' என்று இகழ்ந்தோர் நடுவே, பேர்லினிலிருந்துகொண்டே அதனை மறுத்து நின்றார். 1925ஆம் ஆண்டுக்குரிய பரிசைப் பகிர்ந்த ஜேம்ஸ் பிராங்க் யூதர். முதலாம் உலகப் போரிலே பணியாற்றியவராகையால் பதவியில் நீடிக்கச் சட்டம் அவருக்கு இடங்கொடுத்திருந்தும், 1933இலே கொற்றிங்கன் பல்கலைக்கழகப் பதவியைத் தாமே துறந்தார். இவ்விருவருடைய பொற்பதக்கங்களும் பாதுகாப்புக்காகக் கொப்பன்ஹேகனிலுள்ள நீல்ஸ் போரின் நிறுவகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தன. நாட்டைவிட்டுப் பொன்னை அனுப்புவது அந்நாளைய யேர்மனியிலே கடுங்குற்றம். பதக்கத்திலோ உரியவரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது.

1940 ஏப்பிரல் 9ஆம் நாள் யேர்மன் படைகள் டென்மார்க்கினுள் நுழைந்தன. போரின் நிறுவகத்திலே அப்போது பணிபுரிந்தவர் ஹங்கேரியில் பிறந்த ஜோர்ஜ் டி ஹெவசி. 1923இலே கொஸ்ரர் என்பாருடன் அதே நகரில் ஹபினியம் என்னும் மூலகத்தைக் கண்டவர். பதக்கங்களைப் புதைத்துவிடலாம் என்று அவர் கூறினார். தோண்டியெடுத்துவிடுவர் என்று போர் மறுத்தார். லாவுவின் பெயர் பொறித்த பதக்கம் பகைவர் கையில் அகப்படின், பேர்லினிலிருந்த அம்மனிதரின் கதி என்னவாகும் என்ற அச்சம் அவர்களை வருத்தியது. ஆகவே ஹெவசி அவற்றைக் கரைக்கத் துணிந்தார். வெளியே தெருக்களில் படை அணிவகுத்துச் செல்ல, உள்ளே அவர் இராச திராவகத்துடன் இருந்தார்.

அது எளிய வேலையன்று. அக்காலத்து நொபெல் பதக்கம் 23 கரற்றுப் பொன். நிறை ஏறத்தாழ 200 கிராம். பொன்னின் அணுநிறை 197. எனவே ஒவ்வொரு பதக்கத்திலும் ஏறக்குறைய ஒரு மூல் பொன் இருந்தது. சமன்பாட்டின்படி அதற்கு நான்கு மூல் ஐதரோக்குளோரிக்கமிலமும் ஒரு மூல் நைத்திரிக்கமிலமும் வேண்டும். செறிந்த அமிலங்களாகக் கொண்டால் அரை இலீற்றருக்குக் குறைவே. கணக்கிலே இது சிறிது. ஆனால் உரைகல்லின் கோடு கணத்தில் மங்குவது போலத் தடித்த பொற்றட்டு மங்காது. மேற்பரப்பு குறைவு, தாக்கம் மந்தம். எவ்வளவு வேண்டுமென்று அறிந்த ஒருவர் எவ்வளவு நேரமாகும் என்று அறியாது காத்திருப்பதன் வேதனையை ஆய்வுகூடத்தில் நின்ற எவரும் உணரலாம். 

எஞ்சியது செம்மஞ்சள் நிறக் கரைசல். அது ஆய்வுகூடத் தட்டிலே ஏனைய போத்தல்களோடு வைக்கப்பட்டது. 1943இலே போரும் ஹெவசியும் சுவீடனுக்குத் தப்பினர்; அவ்வாண்டின் இறுதியிலே நிறுவகத்தை யேர்மனியர் கைப்பற்றிச் சோதனையிட்டனர். பொன்னைத் தேடுவோரின் கண் மஞ்சளாய் மினுங்குவதைத் தேடும். சிக்கலயனாய் நீருள் ஒளிந்திருப்பதை அது காணவில்லை. 1943ஆம் ஆண்டுக்குரிய இரசாயனவியல் நொபெல் பரிசு, சமதானிகளைச் சுவடறிகருவியாய்ப் பயன்படுத்தியமைக்காக ஹெவசிக்கே வழங்கப்பட்டது.

போர் முடிந்தபின் போத்தல் வைத்த இடத்திலேயே இருந்தது. கரைந்த பொன்னை மீட்பது, கரைப்பதிலும் எளிது: சிக்கலயனுக்கு இலத்திரனைத் திரும்பக் கொடுக்கக்கூடிய ஒரு தாழ்த்துங் கருவி, பெரசுச் சல்பேற்றுப் போன்ற மலிவான உப்பேயாயினும், போதும், கபிலத் துகளாய்ப் பொன் அடியிலே படியும். 1950 சனவரியில் போர் அப்பொன்னை ஸ்ரொக்ஹோமுக்கு அனுப்பிவைத்தார். நொபெல் மன்றம் அதிலிருந்து பதக்கங்களை மீண்டும் வார்ப்பித்தது. 1952ஆம் ஆண்டு, அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டிருந்த பிராங்கின் கையிலே அவருடைய பதக்கம் மறுமுறை வைக்கப்பட்டது.